அரிப்பு நின்றுவிட்டது என்பதற்காக மருந்து அசல் ஆகிவிடாது

தம்பி, நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் தங்கும் விடுதி, ஒரே அறையில் பன்னிரண்டு பேர். விரலிடுக்கு, இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் ராத்திரியானால் தாங்க முடியாத அரிப்பு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் ஒருவர் பையில் வைத்து விற்ற கிரீமை வாங்கிப் பூசினீர்கள். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. மூன்று வாரம் கழித்து நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. அப்புறம் இது சிரங்கு என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதால், சிரங்குப் பூச்சியைக் கொல்லும் மருந்தான பெர்மெத்ரின் 5 சதவீதம் என்று அச்சிட்ட டியூபை இணையத்தில் வாங்கி, பத்து நாளாகத் தினமும் பூசுகிறீர்கள், அரிப்பு குறையவில்லை. "இரண்டாவது டியூப் போலியா? பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டா? ஊரிலிருந்து வருகிறவரிடம் வாங்கிவரச் சொல்லவா?" என்பது உங்கள் கேள்வி. அடுத்த மாதம் மகளின் காதுகுத்துக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றும், கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்.

என் பதில் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது உங்களைக் குணப்படுத்தாத இரண்டாவது டியூபை அல்ல, இரண்டு நாளில் சுகம் கொடுத்த முதல் டியூபைத்தான்.

நான் மருந்தாளர். சிங்கப்பூரில் பல வருடங்கள் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். வெளிநாட்டு ஊழியர்களுக்கான மருத்துவ முகாம்களிலும் மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தோல் மருத்துவர் அல்ல. உங்கள் தோலை நான் பார்க்கவில்லை, அந்த டியூப்களையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. உங்களுக்கு வந்திருப்பது சிரங்குதான் என்று சொன்னதும் மருத்துவர் இல்லை, பக்கத்துக் கட்டில்காரர்தான். விரலிடுக்கு, இரவில் கூடும் அரிப்பு, அறையில் இன்னும் இருவருக்கு அதே தொல்லை என்று நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் தொடையிடுக்கில் படர்தாமரையும் இதே மாதிரி அரிக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். கீழே எழுதுவதெல்லாம் சிரங்கு என்று வைத்துக்கொண்டு எழுதுவது.

சிரங்கு என்பது உண்ணி இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே குடியிருப்பதால் வருவது. பெண் பூச்சி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை இடும், மூன்று நான்கு நாளில் அவை பொரிக்கும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிடத் தயாராகும். சாதாரணச் சிரங்கில் ஓர் ஆள் உடம்பு முழுவதும் தேடினாலும் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். அப்படியிருக்க ஏன் உடம்பெல்லாம் அரிக்கிறது? பூச்சி கடிப்பதால் மட்டும் அரிப்பதில்லை. அதன் உடம்பு, முட்டை, கழிவு இவற்றுக்கு நம் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அந்த அரிப்பு. அதனால்தான் முதல் தடவை தொற்றும்போது நான்கு முதல் ஆறு வாரம் வரை ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளியில் பக்கத்தில் படுப்பவருக்குத் தாராளமாகக் கொடுத்திருப்போம்.

உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இந்த ஒவ்வாமையில்தான் இருக்கிறது. அசல் மருந்து பூச்சியைக் கொல்லும். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள்ளேயே கிடக்கும். தோல் உதிர்ந்து புதுப்பிக்கும்வரை, அதாவது இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், அரிப்பு தொடரும். சரியான மருந்தைச் சரியாகப் பூசியவரும் பத்தாவது நாளில் சொறிந்துகொண்டுதான் இருப்பார். மறுபக்கம், வீரியமான ஸ்டீராய்டு கலந்த கிரீம் பூச்சியை ஒன்றும் செய்யாது; ஒவ்வாமையை மட்டும் அமுக்கிவிடும். அரிப்பு இரண்டு நாளில் காணாமல் போகும். ஆக இந்த ஒரு நோயில் போலி மருந்து வேகமாகச் சுகம் தரும், அசல் மருந்து மெதுவாகத் தரும். "போட்டுப் பார்த்தேன், கேட்டது" என்று அறையில் ஒருவர் சொன்னால் மற்ற பதினொரு பேரும் அதையே வாங்குவார்கள். அந்தப் பை வியாபாரியின் தொழில் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

உங்கள் முதல் கிரீமில் ஸ்டீராய்டு இருந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தால்தான் தெரியும். ஆனால் இரண்டு நாளில் அடங்கியது, நிறுத்தியதும் கூடுதலாகத் திரும்பியது என்ற நடை ஸ்டீராய்டுக்கே உரியது. "மூலிகை", "இயற்கை" என்று எழுதி விற்ற கிரீம்களில் குளோபெட்டசால், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் சொல்லாமல் கலந்திருந்ததை இங்கே மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குளோபெட்டசால் மிக வீரியமான ரகம். நீங்கள் பூசியது தொடையிடுக்கில் வேறு. விதைப்பைத் தோல் ஸ்டீராய்டை முன்கைத் தோலைவிடச் சுமார் 40 மடங்கு உறிஞ்சும் என்று பழைய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளவு விழும்; அந்த வரிகள் மறையாது. அதிகப் பரப்பில் நீண்ட நாள் பூசினால் உடம்பே சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டும் குறைந்துபோகலாம். இதற்கிடையில் சிரங்கின் அடையாளம் மழுங்கிவிடுவதால், மருத்துவரே பார்த்தாலும் கரப்பான் (எக்சிமா) என்றோ படர்தாமரை என்றோ ஏமாற வாய்ப்பு உண்டு. பூச்சிகள் தடையில்லாமல் பெருகும். பொருக்குச் சிரங்கு என்கிற கடுமையான வகையில் ஒரே உடம்பில் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் பூச்சிகள் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வருவது அது, நீண்டகால ஸ்டீராய்டு உபயோகமும் அதற்கு ஒரு காரணம். உங்களுக்கு அது வந்திருக்கும் என்று பயமுறுத்தவில்லை, மூன்று வாரத்தில் அப்படி ஆவது அபூர்வம். ஆனால் அறையில் யாராவது மாதக்கணக்கில் அந்தக் கிரீமைப் பூசிக்கொண்டிருந்தால், கையில் தடித்த பொருக்கு இருந்தால், அவரைத்தான் முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இனி இரண்டாவது டியூப். அது போலியாக இருக்கலாம். ஆனால் அது அசலாகவே இருந்தாலும் உங்களுக்கு இன்னும் அரிப்பு இருக்க நான்கு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. முதல் கிரீமை நிறுத்திய பின்விளைவு ஒன்று. செத்த பூச்சியால் வரும் மிச்ச அரிப்பு ஒன்று. அடுத்தது நீங்களே செய்வது: பெர்மெத்ரினைத் தினமும் பூசக் கூடாது. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நக அடி, தொப்புள், பிறப்புறுப்பு ஒன்றையும் விடாமல் ஒருமுறை பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். பின்பு 7 முதல் 14 நாள் இடைவெளியில் இன்னொரு முறை, அவ்வளவுதான். பெரியவர் ஒருவருக்கு ஒருமுறைக்குச் சுமார் 30 கிராம் வேண்டும். தினமும் பூசினால் தோல் எரிந்து, அதுவே ஓர் அரிப்பாகிவிடும். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் அரிக்காத இடத்தில் இருக்கும் பூச்சி பிழைத்துக்கொள்ளும். ராத்திரி பூசிவிட்டு நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். இதை யாரும் சொல்வதே இல்லை, விரலிடுக்கில் சிரங்கு திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நான்காவது, அறையில் மற்ற இருவர் மருந்தே போடவில்லை. நீங்கள் சுத்தமானாலும் அடுத்த வாரம் அவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வீர்கள். இரண்டாம் முறை தொற்றும்போது ஆறு வாரம் காத்திருக்காது, ஒன்றிரண்டு நாளிலேயே அரிக்கும்.

பெர்மெத்ரினுக்கே பூச்சிகள் பழகிவிட்டன என்று இப்போது பேசுகிறார்களே, அதுவா என்று நீங்கள் கேட்கலாம். ஐரோப்பாவில் சில ஆண்டுகளாக மருந்து வேலை செய்யாத நோயாளிகள் கூடியிருக்கிறார்கள் என்பது உண்மை. பூச்சியின் நரம்பில் மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தில் மரபணு மாற்றத்தையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதில் எவ்வளவு உண்மையான எதிர்ப்பு, எவ்வளவு அரைகுறையாகப் பூசியது என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. என் அனுபவத்தில், மருந்து தோற்றது என்று வருகிறவரிடம் எப்படிப் பூசினீர்கள் என்று நிதானமாகக் கேட்டால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

போலியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? மட்டமான போலியைக் கண்டுபிடிக்கலாம். பெட்டியிலும் டியூபிலும் தொகுதி எண், காலாவதித் தேதி வேறுவேறாக இருப்பது, எழுத்துப்பிழை, முத்திரை உடைந்திருப்பது, உற்பத்தியாளர் முகவரி இல்லாதது, மருந்தின் பெயரே எழுதாமல் "எல்லாத் தோல் நோய்க்கும்" என்று மட்டும் போட்டிருப்பது, இதெல்லாம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் இவை எதுவும் இல்லை என்பதால் அசல் என்று ஆகாது. நல்ல அச்சகம் இருந்தால் பெட்டியை அப்படியே நகலெடுக்கலாம். கிரீமின் நிறம், வாசனை, பிசுபிசுப்பை வைத்துச் சொல்லத் தெரியும் என்கிறவரை நம்பாதீர்கள். இத்தனை வருடம் மருந்தோடு பழகிய என்னாலும் முடியாது. உள்ளே மருந்தே இல்லாமல் இருக்கலாம், 5 சதவீதத்துக்குப் பதில் 1 இருக்கலாம், வேறு மருந்து இருக்கலாம், அசலாகவே இருந்து வெயிலில் மாதக்கணக்கில் கிடந்து கெட்டிருக்கலாம். பேனுக்கான 1 சதவீதப் பெர்மெத்ரினைச் சிரங்குக்கு என்று வாங்கி ஏமாறுவதும் உண்டு. அங்கே மருந்து அசல், வாங்கிய காரணம்தான் தப்பு. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து மருந்துகளில் ஒன்று தரமற்றதோ போலியோ என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. அது எல்லா மருந்துக்கும் சேர்த்த மதிப்பீடு, சிரங்குக் கிரீமுக்கானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிங்கப்பூரில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்கிறவர்களுக்கு 2008-ஐ நினைவுபடுத்துவேன். அந்த ஆண்டு சனவரி முதல் மே வரை, சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவு இறங்கி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில், போலி சியாலிஸ் உட்பட, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள். வாங்கியவர்களில் பலர் மருத்துவரிடம் போகக் கூச்சப்பட்டிருக்கலாம். தொடையிடுக்கு அரிப்பும் அதே கூச்சத்தோடுதான் விலை போகிறது. இன்றைய சட்டப்படி போலி மருந்தை விற்றால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இருந்தும் பையில் விற்பவர் விற்கிறார். பிடிபடும்போது அவர் பெயர்கூட வாங்கியவருக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே டியூபைப் பார்ப்பதைவிட அது வந்த வழியைப் பார்ப்பதுதான் பயன். இங்கே பதிவு பெற்ற மருந்துகளுக்கு எஸ்.ஐ.என். என்று தொடங்கும் ஒரு பதிவு எண் உண்டு; ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆனால் பெயர் பதிவில் இருக்கிறது என்பதால் உங்கள் கையில் இருக்கும் டியூப் அசல் என்று ஆகிவிடாது, பதிவு பெற்ற பெயரைத்தான் போலிக்காரன் நகலெடுப்பான். உரிமம் உள்ள மருந்துக்கடை, மருத்துவ நிலையம், மருத்துவமனை, இந்த மூன்று இடத்தில் வாங்கினால் நீங்கள் எண்ணைத் தேடவே வேண்டியதில்லை.

ஊரிலிருந்து வாங்கிவரச் சொல்லலாமா? சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்குள்ளான அளவு கையில் கொண்டுவருவதை இங்கே பொதுவாக அனுமதிக்கிறார்கள்; அறைக்கே சேர்த்து இருபது டியூப் கொண்டுவந்து பங்கு போட்டால் அது சொந்த உபயோகம் ஆகாது. நல்ல மருந்துக்கடையில் பில்லோடு வாங்கிய பெர்மெத்ரின் ஊரிலிருந்து வந்தாலும் பெர்மெத்ரின்தான். என் கவலை அது அல்ல. "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று ஊர்க் கடையில் கேட்டால், ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்த கலவைக் கிரீமை நீட்டிவிடுவார்கள். அது போலிகூட இல்லை, உரிமத்தோடு தயாரித்த அசல். வீரியமான ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-இல் பட்டியலை இறுக்கியது. கடைக்காரர் எல்லோரும் இறுகவில்லை. உங்களுக்கு அது தேக்கா கிரீம் செய்த வேலையைத்தான் செய்யும். 2023 ஆகஸ்டு முதல் அங்கே அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்குக் கியூஆர் குறியீடு கட்டாயம். நல்ல ஏற்பாடு, ஆனால் 300-ஐத் தாண்டி எத்தனையோ ஆயிரம் மருந்துகள் இருக்கின்றன.

ஐவர்மெக்டின் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது சிரங்குக்கு உண்மையிலேயே வேலை செய்யும். எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒன்றிரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை. அறை முழுவதும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டியபோது மருத்துவர்கள் இதை யோசிப்பார்கள். ஆனால் இங்கே இது மருத்துவர் சீட்டு மருந்து. கொரோனா காலத்தில் இணையத்தில் இது கண்டபடி விற்றது, மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள மருந்தும் அதில் அடக்கம். மாத்திரையாக உள்ளே போவதில் போலி வந்தால், தோலில் பூசுவதைவிட ஆபத்து அதிகம். அதே மாதிரி, சிலர் செடிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் தெளிக்கும் பெர்மெத்ரினைத் தண்ணீரில் கலந்து பூசுகிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் வினை; அதிலுள்ள கரைப்பான்கள் மனிதத் தோலுக்கானவை அல்ல.

சரி, இப்போது என்ன செய்வது? இரண்டு டியூபையும் நிறுத்துங்கள், ஆனால் குப்பையில் போடாதீர்கள். பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். என்ன பூசினீர்கள் என்று மறைக்காதீர்கள், ஸ்டீராய்டு பூசிய தோலை அது தெரியாமல் பார்க்கும் மருத்துவரும் தடுமாறுவார். அந்த டியூபை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் அவர் பார்த்துக்கொள்வார். விடுதியில் இருக்கும் ஒர்க் பெர்மிட்காரருக்கு 2022 ஏப்ரல் முதல் பிரைமரி கேர் பிளான் என்ற மருத்துவத் திட்டத்தை முதலாளி வாங்கியே ஆக வேண்டும்; அதற்கென்று ஒதுக்கிய மருத்துவ நிலையத்துக்குப் போனால் நீங்கள் கட்டுவது பொதுவாக 5 வெள்ளிதான். அந்தப் பையில் விற்பவருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு என்று நினைக்கிறேன். தேவைப்பட்டால் அங்கிருந்து தேசிய சரும நிலையத்துக்கு அனுப்புவார்கள். சொறிந்த இடத்தில் சீழ், காய்ச்சல், சிறுநீர் குறைவது அல்லது சிவப்பது, முகம் வீங்குவது இருந்தால் நாளை என்று தள்ளாதீர்கள். சிரங்குப் புண்ணில் ஏறும் ஒருவகைக் கிருமி சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கம்பெனி பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது, உங்கள் முதலாளியை எனக்குத் தெரியாது. ஆனால் இதை அறைக்குள் மறைத்து முடிக்க முடியாது என்பது நிச்சயம். பன்னிரண்டு பேரும், அரிப்பு இல்லாதவரும் சேர்த்து, ஒரே இரவில் மருந்து போட்டால்தான் சங்கிலி அறும். அதற்கு விடுதி நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர் ஒருவர் "அறை முழுவதற்கும் சிகிச்சை தேவை" என்று எழுதிக் கொடுத்தால் அது ஓர் ஆளின் குறையாக இல்லாமல் அறையின் வேலையாகிவிடும். மருந்து போட்ட மறுநாள் வழக்கமாக வேலைக்குப் போகலாம். போர்வை, துண்டு, உடைகளைச் சூடான நீரில் துவைத்து நன்றாக உலர்த்துங்கள். துவைக்க முடியாததைக் குப்பைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். மனித உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அறை முழுக்கப் பூச்சி மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

காதுகுத்து அடுத்த மாதம் என்றால் நேரம் இருக்கிறது, ஆனால் இந்த வாரமே போங்கள். இரண்டு தடவை மருந்தும் முடித்துவிட்டு விமானம் ஏறினால் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம், அரிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும். இரண்டாவது தடவைக்கு நான்கு வாரம் கழித்தும் புதிது புதிதாகக் கொப்புளம் வந்தால் மட்டும் மறுபடி காட்டுங்கள். மகளுக்கு எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை; இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் பெர்மெத்ரின் பூசலாம், ஆனால் கைக்குழந்தைக்குத் தலையிலும் பூச வேண்டியிருக்கும் என்பதால் அளவையும் முறையையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் திரும்பி வந்த ஆறு வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது அரிப்பு வந்தால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே கலவைக் கிரீம் ஏதாவது இருந்தால், குழந்தைக்கு அதைப் பூசிவிட வேண்டாம் என்று இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்.